ஷாம்பு பாட்டிலில் குமிழி விட்டால் மூச்சு நிற்காது

வணக்கம் மக்களே. மேஜையில் இருப்பதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். காலி ஷாம்பு பாட்டில், மீன் தொட்டி மோட்டார், டிரிப்ஸ் டியூப், ஒரு கையுறை. மொத்தமும் வீட்டில் கிடந்தவைதான்.

பாட்டிலில் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். மோட்டாரிலிருந்து வரும் காற்று இரண்டாகப் பிரிகிறது. ஒரு டியூப் கையுறைக்குள் போகிறது, இன்னொன்று தண்ணீருக்குள். டியூபில் ஐந்து சென்டிமீட்டருக்கு மார்க்கரில் கோடு போட்டிருக்கிறேன், தெரிகிறதா? அந்தக் கோடு வரைக்கும் இறக்குகிறேன். இப்போது கையுறையைப் பாருங்கள். தொங்கிக்கொண்டிருந்த விரல்கள் நிமிர்ந்துவிட்டன. டியூபை வெளியே எடுத்தால்... பொசுக்கென்று சரிந்துவிட்டது.

நிமோனியா வந்த குழந்தையின் நுரையீரலிலும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. மூச்சை வெளியே விடும்போது காற்றுப் பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு மூச்சிலும் அவற்றைத் திரும்பத் திறக்கப் போராடியே குழந்தை களைத்துப்போகிறது. கொஞ்சம் அழுத்தம் எப்போதும் உள்ளே இருந்தால் பைகள் மூடாது. அந்த அழுத்தத்தை அளக்கத் தனியாக மீட்டர் வேண்டாம். ஐந்து சென்டிமீட்டர் ஆழம் என்றால் ஐந்து சென்டிமீட்டர் நீர் அழுத்தம், அவ்வளவுதான். இதற்குப் பெயர் பபிள் சிபேப்.

பங்களாதேஷில் முகமது ஜோபயர் சிஸ்தி என்று ஒரு டாக்டர். 1996இல் சில்ஹெட்டில் பயிற்சி டாக்டராக இருந்தபோது, ஒரே இரவில் மூன்று குழந்தைகள் நிமோனியாவில் இறந்ததைக் கண்ணெதிரே பார்த்தவர். பிறகு மெல்பர்னில் இந்த முறையைப் பார்த்திருக்கிறார். டாக்கா திரும்பியதும் ஷாம்பு பாட்டிலை வைத்து அதையே செய்தார். செலவு ஒன்றேகால் டாலர். வெண்டிலேட்டர் விலையை நான் சொல்லவே வேண்டாம்.

டாக்காவின் ஐசிடிடிஆர்பி ஆராய்ச்சி மருத்துவமனையில் ஐந்து வயதுக்குட்பட்ட 225 குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்துச் சோதித்து, 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். சாதாரண ஆக்சிஜன் கொடுத்த 67 பேரில் 10 பேர் இறந்தார்கள். பாட்டில் வைத்த 79 பேரில் 3 பேர்.

இதோடு வீடியோவை முடித்தால் லைக் நிறைய வரும். ஆனால் ஆஸ்பத்திரிக் கருவிகளோடு வேலை பார்க்கிறவன் நான், அப்படி முடிக்க மனசு வரவில்லை.

ஆப்பிரிக்காவின் மலாவியில் சலிமா மாவட்ட மருத்துவமனையில் 644 குழந்தைகளிடம் பபிள் சிபேப் வைத்துப் பார்த்தார்கள். அங்கே பாட்டில் இல்லை, முறையான கருவி. கடும் ஊட்டச்சத்துக் குறைவு, எச்ஐவி என்று ஏற்கெனவே மிகவும் மோசமாக இருந்த குழந்தைகள். முடிவு 2019இல் வந்தது. சிபேப் வைத்தவர்களில் 17 சதவீதம் இறந்தார்கள், சாதாரண ஆக்சிஜனில் 11 சதவீதம். முறை அதேதான், ஆனால் முடிவு தலைகீழ். டாக்காவில் தீவிர சிகிச்சை டாக்டர்கள் கூடவே இருந்தார்கள். சலிமாவில் தினமும் வந்து பார்க்க டாக்டர் இல்லை. இதுமட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், குழந்தைகளின் நிலையும் வேறு. ஆனாலும் என் சந்தேகம் அங்கேதான் போகிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், நன்கொடையாக வந்த ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் கருவி) ஒன்று துணி போர்த்தி மூலையில் கிடந்தது. என்ன கோளாறு என்று கழற்றினேன். ஃபில்டர் தூசியில் அடைத்திருந்தது. கழுவி மாட்டியதும் ஓடியது. அதைக் கழுவ வேண்டும் என்று அங்கே யாருக்கும் யாரும் சொல்லவே இல்லை.

சரி, கடைசியாக ஒன்று காட்டுகிறேன். கையுறையை டியூபிலிருந்து லேசாக உருவுகிறேன். குமிழி நின்றுவிட்டது, கேட்டீர்களா? குழந்தையின் மூக்கிலிருந்து குழாய் நழுவினாலும் இப்படித்தான் சத்தம் நின்றுபோகும். இந்த பாட்டிலில் இருக்கும் ஒரே அலாரம் அதுதான். இரவு இரண்டு மணிக்கு வார்டில் நாற்பது குழந்தைகளுக்கு ஒரே நர்ஸ் என்றால், எது நின்றது என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

அப்புறம், தயவுசெய்து இதை வீட்டில் யார் மூக்கிலும் மாட்டிப் பார்க்காதீர்கள். நான் மோட்டாரைத் தொட்டியில் திரும்ப வைக்கிறேன், மீன்கள் என்னை முறைக்க ஆரம்பித்துவிட்டன.