10 ரூபா ஸ்டாம்பும் எம்-புக்கும்

வணக்கம் மக்களே! போன வீடியோவுக்குக் கீழ பாதிப் பேர் எழுதினது ஒரே விஷயம்தான்: "கவுன்சிலர் ஓட்டுக் கேக்க மட்டும்தான் வருவாரு." படிச்சதும் எனக்குக் கோவம்தான் வந்துச்சு. திட்டுங்க, வேணாங்கல. ஆள் மாத்தித் திட்டுறீங்களே, அதான் ஆத்தாமையா இருக்கு.

சென்னைல உங்க தெருவுல சாக்கடை பொங்குதா? அது மெட்ரோ வாட்டர் பொறுப்பு, குடிநீர், கழிவுநீருக்குன்னே 1978 சட்டத்துல வந்த தனி வாரியம். பக்கத்துலயே ஓடுற மழைநீர் வடிகால் மாநகராட்சியோடது, அதுக்குப் புகார் சொல்ற நம்பர் 1913. ஆங், இதை முதல்லயே சொல்லிருக்கணும்: 2016 அக்டோபர்ல இருந்து 2022 பிப்ரவரி தேர்தல் வரைக்கும் சென்னைல ஒரு கவுன்சிலர்கூட கிடையாது. அப்பவும் "கவுன்சிலர் சரியில்ல"ன்னுதான் பேசினோம்!

இப்ப ரோடு. போட்டு மூணே மாசத்துல ஜல்லி பேருதுன்னா, பெரும்பாலும் தார்க்கலவை ஆறினப்புறம் ரோலர் ஓட்டிருப்பாங்க. இல்லைன்னா அடியில பசைத்தார் ஒழுங்கா தெளிச்சிருக்க மாட்டாங்க. பழசைச் சுரண்டாம மேலயே போட்டா ரோடு உசந்து, மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வரும். சுரண்டிட்டுத்தான் போடணும்னு 2021-லயே தலைமைச் செயலாளர் உத்தரவு இருக்கு. போட்ட ரோட்டை அளந்து எம்-புக்ல, அதாவது அளவுப் புத்தகத்துல, எழுதுறது இன்ஜினியர், கவுன்சிலர் இல்ல.

அந்த எம்-புக்கை நீங்க கேட்டு வாங்கலாம். ஒரு வெள்ளைத்தாள், 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், தகவல் உரிமைச் சட்டம். வெறும் 10 ரூபா மக்களே! ஒரு டீ காசு! ஸ்டாம்பை நல்லா ஒட்டுங்க, ஸ்டேப்ளர் அடிக்காதீங்க. பிச்சுக்கிட்டுப் போனா கட்டணம் வரலன்னு மனு திரும்பிடும். நேர்ல குடுத்தா நகல்ல தேதியோட சீல் வாங்கிடுங்க, 30 நாள்ல பதில் தரணுங்கற கணக்குக்கு அதுதான் ஆதாரம்.

"ஏன் ரோடு மோசம்?"னு மட்டும் எழுதாதீங்க. ஃபைல்ல இருக்கறதைத்தான் தருவாங்க, விளக்கம் சொல்ல மாட்டாங்க. தெரு பேர் போட்டு எஸ்டிமேட், வொர்க் ஆர்டர், எம்-புக் பக்கம், மூணுக்கும் நகல் கேளுங்க. ஆபீஸ் மாத்திக் குடுத்துட்டாலும் பயமில்ல. பிரிவு 6(3) படி அவங்களே 5 நாளுக்குள்ள சரியான ஆபீஸுக்கு அனுப்பணும். ஐயோ, ஒண்ணு விட்டுட்டேன்: 30 நாள்ல பதில் வரலன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு போட்டுடணும்.

நகல் வந்ததும் டேப்பை எடுத்துட்டுப் போய் ரோட்டோட நீளம், அகலம் அளந்து பாருங்க. எம்-புக் கணக்கோட உதைக்குதா? இப்ப போங்க கவுன்சிலர்கிட்ட. அந்தப் பக்கத்தையே கையில குடுத்து, அடுத்த மண்டலக் குழுக் கூட்டத்துல கேக்கச் சொல்லுங்க.