கத்தரிக்கோல் பட்ட வேதாகமம்

[திரையில்: பழைய தோல் அட்டைப் புத்தகம், மெதுவாகத் திறக்கிறது]

1807-ல் லண்டனில் ஒரு வேதாகமம் அச்சானது. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் இருந்த அடிமைகளுக்காகத் 'தெரிந்தெடுத்த பகுதிகள்' என்று முதல் பக்கமே சொன்னது. புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள் உண்டு. இதில் 232 தான்.

யோசேப்பை அண்ணன்மார் விற்ற கதை இருக்கிறது. அடிமையாகப் போன இடத்திலும் விசுவாசமாக உழைத்து உயர்ந்தவன் அல்லவா, எஜமானுக்கு வசதியான கதை. அப்புறம் பக்கத்தைப் புரட்டினால் நேரே சீனாய் மலை! மோசே பார்வோன் முன்னால் போய் நின்றதும் இல்லை, செங்கடலும் இல்லை. எகிப்தில் அடிமைகளாக இருந்த ஜனங்கள் அங்கிருந்து எப்படி வெளியே வந்தார்கள் என்றே தெரியாமல் பத்துக் கட்டளைகளை வாசிக்க வேண்டியதுதான். காரணத்தை ஊகிக்கலாம். அக்கம்பக்கத்திலேயே, ஹெய்ட்டியில், அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804-ல் தனி நாடு அமைத்திருந்தார்கள்.

கலாத்தியர் 3:28-ஐயும் எடுத்துவிட்டார்கள். "அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை" என்ற வசனம். எபேசியர் 6:5 பத்திரமாக இருக்கிறது: எஜமான்களுக்குப் பயத்தோடும் நடுக்கத்தோடும் கீழ்ப்படியுங்கள்.

[திரையில்: இரண்டு வசனங்களும் அருகருகே]

இந்த இடத்தில் நம் தமிழ் வேதாகமத்தை எடுத்துப் பாருங்கள். பழைய மொழிபெயர்ப்பில் எபேசியர் 6:5 "வேலைக்காரரே" என்று தொடங்கும். கலாத்தியரில் "அடிமை" என்று வரும். கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல், டூலோஸ். அடிமை என்றே அர்த்தம். "வேலைக்காரரே" என்று படிக்கும்போது நமக்கு ஆபீஸ் முதலாளிதான் ஞாபகத்துக்கு வருகிறார். நானும் பல வருஷம் அப்படித்தான் படித்தேன். சம்பளம் இல்லாத, விட்டுப் போக முடியாத, விலைக்கு விற்கப்படக்கூடிய ஒரு மனிதனிடம் சொன்ன வார்த்தை அது என்று தெரிந்த பிறகு அந்த வசனம் சும்மா கடந்து போவதில்லை. நான்கு வசனம் தள்ளி, 9-ல், எஜமான்களுக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது: மிரட்டுவதை விடுங்கள், உங்களுக்கும் பரலோகத்தில் ஓர் எஜமான் உண்டு.

அமெரிக்கக் கறுப்பின இறையியலாளர் ஹோவர்ட் தர்மனின் பாட்டி அடிமையாகப் பிறந்தவர். எழுத்து தெரியாது, பேரன்தான் வாசித்துக் காட்ட வேண்டும். ஆனால் எபேசியர் போன்ற, பவுலின் பெயரில் உள்ள நிருபங்களைத் தொடவிடமாட்டார். எப்போதாவது 1 கொரிந்தியர் 13 மட்டும், அன்பைப் பற்றிய அதிகாரம் என்பதால். ஏன் என்று பேரன் ஒருநாள் கேட்டார். எஜமான் அழைத்து வந்த போதகர் வருஷத்தில் மூன்று நான்கு தடவையாவது 'அடிமைகளே, கீழ்ப்படியுங்கள்' என்றே பிரசங்கித்தாராம். விடுதலை கிடைத்தால் அந்தப் பகுதியை வாசிக்கவே மாட்டேன் என்று அன்றைக்கே உறுதி எடுத்தாராம். அந்தக் கிழவியிடம் போய் 'முழு வேதாகமமும் வாசிக்க வேண்டும் அம்மா' என்று சொல்ல எனக்குத் தைரியம் வராது.

சரி, கத்தரித்தவர்கள் மட்டும்தான் தப்பா? முழுசாகக் கையில் வைத்திருந்தவர்களும் சண்டை போட்டார்கள். லேவியராகமம் 25 அந்நியரை அடிமையாக வாங்க அனுமதிக்கிறது. அதை அடிமை முறையை ஆதரித்தவர்கள் நீட்டினார்கள். மனிதனைத் திருடி விற்பவனுக்கு மரணம் என்கிறது யாத்திராகமம் 21:16. அதை எதிர்த்தவர்கள் நீட்டினார்கள். நோவாவின் சாபத்தைக் காட்டி ஆப்பிரிக்கர்களே சபிக்கப்பட்டவர்கள் என்றார்கள் ஆதரித்தவர்கள். ஆதியாகமம் 9-ஐத் திறந்தால் சபிக்கப்பட்டவன் நோவாவின் மகன் காம் கூட இல்லை, காமின் மகன் கானான். ஆப்பிரிக்கா என்ற பேச்சே அங்கே இல்லை.

[திரையில்: பிலேமோன், ஒரே பக்கம்]

பிலேமோனுக்குப் பவுல் எழுதிய நிருபம் 25 வசனம்தான். ஒநேசிமு என்ற அடிமையை அவன் எஜமானிடம் திருப்பி அனுப்பும் கடிதம். 'பார், தப்பி ஓடியவனைப் பவுலே திருப்பி அனுப்பினார்' என்று அடிமை முறையை ஆதரித்தவர்கள் அதையும் எடுத்துக்கொண்டார்கள். 16-ம் வசனம் வரை வந்தால், இனி அவன் அடிமையாக அல்ல, பிரியமுள்ள சகோதரனாக என்றிருக்கிறது. விடுதலை செய் என்று பவுல் நேரடியாக எழுதவில்லை. அடுத்த வசனத்தில், என்னை ஏற்றுக்கொள்வதுபோல அவனை ஏற்றுக்கொள் என்கிறார். அந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிலேமோன் ஒநேசிமுவை எந்த வாசல் வழியாக வீட்டுக்குள் அழைத்தான் என்று வேதாகமம் சொல்லவில்லை.