போரை நிறுத்திய மந்திரக்காரியும் விண்ணகத்தின் தீர்ப்பும்

நேயர்களுக்கு வணக்கம். 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் ஒளிபரப்பான 'ஜுன்கெட்சு நோ மரியா' என்னும் அனிமே (ஜப்பானிய அசைவூட்ட) தொடரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். மசாயுகி இஷிகாவா படைத்த மங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, கோரோ தானிகுச்சியின் இயக்கத்தில் புரொடக்‌ஷன் ஐ.ஜி. நிறுவனம் 12 பகுதிகளாக உருவாக்கியது.

கதைக்களம் நூறாண்டுப் போர்க்காலப் பிரான்ஸ். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே 1337 முதல் 1453 வரை ஓய்ந்தும் மூண்டும் நீடித்த அந்தப் போரின் நடுவே, மரியா என்னும் இளம் மந்திரக்காரி காட்டில் தனித்து வாழ்கிறாள். நோயென்று வரும் ஊராருக்கு மருந்து கொடுக்கிறாள். இரு படைகள் மோதும் இடங்களுக்குப் பறந்து சென்று, பேருருக் கொண்ட மாய உயிர்களை ஏவி இரு தரப்பையும் சிதறடிக்கிறாள். போர் அவளுக்குப் பிடிக்கவில்லை என்பதைத் தவிர அவளிடம் வேறு கொள்கை எதுவும் இல்லை. இதைப் பொறாத விண்ணகத்தின் சார்பில் அதிதூதர் மிக்கேல் இறங்கி வந்து, கன்னிமையை இழக்கும் நாளில் அவள் ஆற்றலையும் இழப்பாள் என்றும், பிறர் கண்முன் மந்திரத்தைக் கையாளக் கூடாது என்றும் தீர்ப்பளித்து, அவளைக் கண்காணிக்க எசேக்கியேல் என்னும் வானதூதரை அமர்த்துகிறார்.

போரைத் தடுக்காத விண்ணகம், போரைத் தடுப்பவளை ஏன் தண்டிக்க வேண்டும் என்பதே தொடரின் மையக் கேள்வி. உலகின் இயல்பான ஒழுங்கில் ஒருத்தி தன் விருப்பப்படி கைவைக்கலாகாது என்பது மிக்கேலின் நிலை. அதை வெறும் கொடுங்கோன்மையாகக் காட்டி எளிதாகத் தள்ளிவிடாமல், அதற்குரிய வலுவையும் கொடுத்திருப்பதில்தான் இந்தத் தொடரின் நேர்மையை நான் காண்கிறேன்.

கால்ஃபா என்னும் கூலிப்படை வீரனைப் பாருங்கள். போர் நின்றால் அவனுக்குச் சம்பளமில்லை, கொள்ளையில்லை, சிறைப்பிடித்த பிரபுவுக்கு ஈடாகக் கிடைக்கும் மீட்புப்பணமும் இல்லை. இது கற்பனைக்காகச் சேர்த்த செய்தியன்று. 1356இல் புவாத்தியே போரில் பிடிபட்ட பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஜானுக்கு, 1360ஆம் ஆண்டின் பிரெத்தின்யி சமாதான உடன்படிக்கையில் 30 லட்சம் பொற்காசுகள் மீட்புத்தொகையாகக் குறிக்கப்பட்டன. அந்த உடன்படிக்கையால் வேலையிழந்த கூலிப்படைகளோ கூட்டம் கூட்டமாகத் திரண்டு, பிரெஞ்சு நாட்டுப்புறத்தைச் சூறையாடின. சமாதானமே ஊர்களுக்குத் தீங்காய் முடிந்த காலம் அது. ஆகவே, களத்தில் ஒரு சண்டையைக் கலைத்துவிடுவதால் போர் ஒழிந்துவிடாது என்ற உண்மையை மரியா எதிர்கொண்டே ஆக வேண்டியிருக்கிறது.

இருந்தும் அவள் பின்வாங்குவதில்லை. கண்முன் சாகிறவனைக் காப்பாற்ற வழியிருக்கையில் வாளாவிருக்க அவளால் இயலவில்லை. இதற்கு நேர்மாறாக நிற்பவர் துறவி பெர்னார். அவர் மரியாவின் மந்திரத்தைக் கண்டு மிரளும் பாமரர் அல்லர். மக்கள் தங்கள் மீட்பை இம்மண்ணிலேயே ஒரு மந்திரக்காரியிடம் கண்டுகொண்டால் திருச்சபையின் இடம் என்னவாகும் என்று கவலைப்படும் அறிவாளி அவர். இத்தொடரில் என்னை மிகவும் கலங்கச் செய்த பாத்திரம் அவரே. கண்காணிக்க வந்த எசேக்கியேல் கொஞ்சங்கொஞ்சமாக மரியாவின் பக்கம் மனமிளகுவதும் அவசரமின்றி, நம்பும்படி வரையப்பட்டிருக்கிறது.

மிக்கேலைத் தேர்ந்ததிலும் ஆழமான பொருத்தம் உண்டு. அதே போரில் பிரெஞ்சுப் படையை நடத்திய ஜோன் ஆஃப் ஆர்க், தம்மிடம் பேசிய குரல்களுள் ஒன்று புனித மிக்கேலுடையது என்று 1431ஆம் ஆண்டு விசாரணையில் சொன்னார். போரிடச் சொன்னதாக அவர் நம்பிய அதே தூதர், இக்கதையில் போரை நிறுத்துபவளைத் தண்டிக்கிறார். திருச்சபை நீதிமன்றமொன்றின் தீர்ப்பால் ஜோன் ரூவான் நகரில் எரிக்கப்பட்டார். 1456இல் அத்தீர்ப்பு செல்லாதென அறிவிக்கப்பட்டது. 1920இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். இந்த வரலாற்றை அறிந்து பார்க்கும்போது, மரியா விசாரிக்கப்படும் பகுதிகளின் கனம் கூடுகிறது.

பாலியல் குறித்த வெளிப்படையான பேச்சும் வன்முறையும் தொடரில் உள்ளன. வளர்ந்தவர்கள் பார்ப்பதற்கே இது உரியது. முதல் இரண்டு பகுதிகளில் நகைச்சுவை சற்று மிகுந்திருந்தாலும், பெர்னார் கதைக்குள் வரும் வரையிலாவது பொறுத்திருந்து பாருங்கள். நன்றி, வணக்கம்.