குன்றின் மேல் விளக்கைக் குடத்துக்குள் வைக்காதீர்கள்

அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கப்பல் துறைப் பெரியவர்களே, என் வீட்டார்கூட நம்பாத புகழுரைகளைச் சொல்லி என்னை அறிமுகப்படுத்திய செயலாளர் அவர்களே, நாற்காலிக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் தேடித் தந்த பொருளாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற விளக்குக் காவலர்களே, வாசல் பக்கமாகவே இடம் பிடித்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் அவர்கள் அடுத்த கூட்டத்துக்குப் போக வேண்டியவர். இருந்தும் நமக்காக அமர்ந்திருக்கிறார். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். கலங்கரை விளக்கங்கள் எவ்வளவு பழையவை, அவற்றைப் பார்க்க மக்கள் ஏன் ஓடுகிறார்கள், இருப்பவற்றை நாம் என்ன செய்யப் போகிறோம். மூன்றையும் ஒரு பழமொழியில் அடக்கலாம். ஒன்று குன்றின் மேல் இட்ட விளக்கு, மற்றொன்று குடத்தில் இட்ட விளக்கு.

பழமைக்கு வருகிறேன். ஏணி சாத்தியும் ஏற அரிதான உச்சி, கூரை வேயாத மாடம், அதில் இரவில் ஏற்றிய தீ கடலில் ஓடும் கலங்களை அழைக்கிறது. பெரும்பாணாற்றுப்படை காட்டும் காட்சி இது. எகிப்தில், அலெக்சாந்திரியாவின் பாரோஸ் கலங்கரை விளக்கம் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எழுந்து, பிறகு நிலநடுக்கங்களில் விழுந்தது. ஸ்பெயினில் ரோமானியர் கட்டிய ஹெர்குலிஸ் கோபுரம் இன்றும் எரிகிறது. 2009இல் அதை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது.

இங்கிலாந்தின் எடிஸ்டோன் கதையைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கினால் எனக்குத் தூக்கம் வராது. பிளிமத் துறைமுகத்துக்கு எதிரே நடுக்கடலில் ஒரு பாறைக்கூட்டம். ஹென்றி வின்ஸ்டன்லி என்ற செதுக்கோவியர், தான் பணம் போட்ட கப்பல்களில் இரண்டை அந்தப் பாறையில் இழந்தார். வேறொருவர் என்றால் அழுதுவிட்டு வேறு தொழில் பார்த்திருப்பார். இவர், “அங்கேயே விளக்கு ஏற்றுகிறேன்” என்று கிளம்பினார். வேடிக்கைப் பொறிகள் நிறைந்த வீடு வைத்திருந்த மனிதர், ஆகவே ஊர் சிரித்தது. 1697இல் வேலை நடந்துகொண்டிருந்தபோது பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்து இவரைச் சிறைபிடித்துப் போயிற்று. இரு நாடுகளுக்கும் அப்போது போர். செய்தி பதினான்காம் லூயி மன்னர் காதுக்குப் போனது. “நமக்கு இங்கிலாந்தோடுதான் போர், மனிதகுலத்தோடு இல்லை” என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினாராம். (கைதட்டுங்கள், மன்னர்கள் இப்படிப் பேசுவது அபூர்வம்.) 1698இல் விளக்கு எரிந்தது. பெரும்புயல் ஒன்று வீசும்போது தன் கோபுரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வின்ஸ்டன்லியின் ஆசையாம். 1703 நவம்பரில் அந்தப் புயல் வந்தது. அவரும் உள்ளேதான் இருந்தார். விடிந்து பார்த்தால் கோபுரமும் இல்லை, அவரும் இல்லை. சில நாட்களுக்குள் வர்ஜீனியாவிலிருந்து வந்த ஒரு கப்பல் அதே பாறையில் மோதி உடைந்தது. அப்போதுதான் சிரித்தவர்களுக்கு விளக்கின் அருமை தெரிந்தது.

இரண்டாவது, பயணிகள் ஏன் வருகிறார்கள் என்பது. சுழல்படி, காற்று, உச்சியில் பால்கனி. போனவர்களுக்குத் தெரியும், போகாதவர்கள் போய்ப் பாருங்கள். எனக்கு நேரமில்லை, ஏனென்றால் நான் வந்ததே விளக்கைச் சுற்றி நிற்கும் லென்ஸுக்காக.

பிரெஞ்சு அறிஞர் பிரெனெல், கண்ணாடிப் பட்டகங்களை வளையம் வளையமாக அடுக்கி, சிதறிப்போகும் வெளிச்சத்தை ஒரே கற்றையாகத் திருப்பினார். 1823இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அந்த லென்ஸ் முதலில் ஒளிர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், டன் கணக்கில் கனக்கும் லென்ஸைப் பாதரசத் தொட்டியில் மிதக்கவிட்டார்கள். ஒரு விரலால் தள்ளினால் சுழலும்! பகலில் சூரிய ஒளி அதில் குவிந்து தீப்பிடிக்கும் என்று காவலர்கள் திரை போட்டு மூடுவார்கள். முன்வரிசையில் தலையாட்டுகிறார்கள் பாருங்கள்.

மூன்றாவது செய்திக்கு வருகிறேன். இன்று எல்.இ.டி. விளக்கைப் பொருத்திவிட்டு, இந்த லென்ஸைக் கழற்றி அருங்காட்சியகத்துக்கு அனுப்புகிறார்கள். சுழன்று கடலைத் துழாவிய கற்றை போய், ஒரு சின்னப் பெட்டி கண் சிமிட்டுகிறது. மின்கட்டணம் குறைகிறது, ஒப்புக்கொள்கிறேன். புதிய விளக்கு எரியட்டும், ஆனால் லென்ஸை ஏன் இறக்குகிறீர்கள்? இது குன்றின் மேல் விளக்கைக் குடத்துக்குள் வைக்கிற வேலை அல்லவா?

“கோபுரத்தில் விட்டால் திருட்டுப் போகும்” என்பார்கள். போயிருக்கிறது. அமெரிக்காவின் ஹாட்டராஸ் முனைக் கோபுரத்தை 1936இல் கடலரிப்புக்குப் பயந்து கைவிட்டார்கள். பிறகு அங்கே வந்தவர்கள் நினைவுப்பொருளாகப் பட்டகங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். காவலர் இல்லாததால் வந்த கேடு அது. அதே கோபுரத்தை 1999இல் தண்டவாளம் போட்டு, கடலிலிருந்து தள்ளி முக்கால் கிலோமீட்டருக்கு மேல் நகர்த்தினார்கள். கோபுரத்தையே நகர்த்தத் தெரிந்தவர்களுக்கு ஒரு கண்ணாடியைக் காக்கத் தெரியாதா?

பாதரசம் நஞ்சு, அதை வடித்துவிடுங்கள். லென்ஸ் சுழலாமல் நின்றாலும் பரவாயில்லை, தன் இடத்தில் நிற்கட்டும். பூட்டு போடுங்கள், ஒரு காவலரை வையுங்கள், ஏறி வருகிறவர்களை எட்ட நிறுத்திக் காட்டுங்கள்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். “எந்தக் கோபுரத்தில் விளக்கை மாற்றினாலும் பழைய லென்ஸை அங்கேயே பாதுகாக்க வேண்டும்” என்ற தீர்மானத்தை முன்மொழிகிறேன். தாள் செயலாளரிடம் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுத் தேநீருக்குப் போங்கள். மாணவர்கள் இரண்டாம் தாளில் கையெழுத்திடலாம். வணக்கம்.