மெழுகுக்கு ஞாபகம் உண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

பல் மருத்துவர் உங்கள் பல்லை ராவி, அளவெடுத்து, "அடுத்த வாரம் வாங்க, கேப் மாட்டிடலாம்" என்று அனுப்பியிருப்பார். இடைப்பட்ட அந்த வாரத்தில் அந்த அளவு, அதாவது உங்கள் பல் பதிந்த அச்சு, எங்களைப் போன்ற பல் லேப் ஆட்களின் மேசைக்கு வருகிறது. அதில் டை ஸ்டோன் என்ற கெட்டியான ஜிப்சம் கலவையை ஊற்றி உங்கள் பல்லின் நகலை எடுப்போம். இதற்கு டை என்று பெயர். அதன்மேல் மெழுகால் பல்லை உருவாக்கி, கழற்றி, மெழுகைச் சுற்றி இன்வெஸ்ட்மென்ட் என்ற சூடு தாங்கும் அச்சுக் கலவையை ஊற்றி, உலையில் மெழுகை எரித்துவிட்டு, அந்தக் குழிக்குள் உலோகத்தை உருக்கிச் செலுத்துவோம்.

சுவாமிமலை ஸ்தபதிகள் சிலை வார்ப்பதும் இதே வழியில்தான். அவர்கள் தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்ப்பார்கள். எங்கள் மெழுகிலும் பாரஃபினோடு அதே வகைப் பிசின் உண்டு. பல் வைத்தியத்துக்கு இந்த முறையை 1907-இல் பிரபலமாக்கியவர் டாகர்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர்.

சிலையில் தலைமுடி அளவு பிசகினால் யாருக்கும் தெரியாது. பல்லில் அது கேப்பின் ஓரத்தில் இடைவெளியாக நிற்கும். அங்கே கிருமி தங்கினால் உள்ளே சொத்தை விழும். மெழுகோ சூட்டுக்கும் குளிருக்கும் தங்கத்தைப் போல இருபது மடங்குக்கு மேல் விரிந்து சுருங்குகிற பொருள். 10 மில்லிமீட்டர் மெழுகு 12 டிகிரி ஆறினாலே சுமார் 40 மைக்ரான் சுருங்கிவிடும், கிட்டத்தட்ட அரை முடி கனம். ஏசி அறையில் செய்ததைச் சித்திரை மாதத்தில் ஏசி இல்லாத பக்கத்து அறைக்குக் கொண்டுபோனால், அதே அளவு எதிர்ப்பக்கம் விரியும். அதனால் மெழுகு வேலையும் இன்வெஸ்ட்மென்ட் ஊற்றுவதும் ஒரே அறையில், ஒரே சூட்டில் நடக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இதைவிடப் பொல்லாதது மெழுகின் ஞாபகம். மெழுகுக் குச்சியை லேசாகச் சூடு காட்டி, குதிரை லாடம்போல வளைத்து, தண்ணீரில் மிதக்க விடுங்கள். மறுநாள் பார்த்தால் லாடத்தின் வாய் அகன்றிருக்கும். வளைத்தபோது உள்ளே அடங்கிய இழுவிசை மெல்ல மெல்ல வெளியேறுகிறது, அவ்வளவுதான்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் மூன்று பற்கள் ஒன்றாக இணைந்த பிரிட்ஜ் ஒன்றுக்கு மெழுகு முடித்து, அழகாக வந்த திருப்தியில் அப்படியே மூடிவைத்துவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து வார்த்தேன். டையில் வைத்தால் ஒரு முனை உட்கார்ந்தது, மறுமுனை தூக்கிக்கொண்டது. விரலால் அழுத்தினால் சீசா மாதிரி ஆடியது. அந்த நோயாளி இன்னொரு முறை வர வேண்டியதாயிற்று. அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? சுருங்காத மெழுகு கிடையாது. ஓரம் முடிவதற்கு முன்பே அது சுருங்கி முடிக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். டையை விளக்கடியில் லேசாக வெதுவெதுப்பாக்கி, பிரிப்பான் எண்ணெயை மெல்லிசாகப் பூசிக்கொள்ளுங்கள். மெழுகை ஒரேயடியாகக் கொட்டாமல் சொட்டுச் சொட்டாக வையுங்கள். ஒரு சொட்டு இறுகிய பிறகே அடுத்தது. ஆறும்போது விரலால் அழுத்திப் பிடியுங்கள். புகை வரும்வரை மெழுகைக் காய்ச்சக் கூடாது, அதன் கலவையே மாறிவிடும்.

உருவம் முழுக்க வந்த பிறகு ஓரத்துக்கு வாருங்கள். விளிம்பை ஒட்டி ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைச் சூடான கருவியால் டைவரை முழுதாக உருக்குங்கள். மெழுகு பளபளவென்று நீராகி, அந்த இடம் லேசாகப் பள்ளமாகும். இதுவரை சுருங்கிய சுருக்கம் அதுதான். பள்ளத்தை நிரப்பி, அழுத்தி, ஆறவிட்டு, அப்புறம் செதுக்குங்கள். அவசரத்தில் பலர் தாண்டிப்போகும் இடம் இது.

பிரிட்ஜ் என்றால் பற்களை இணைக்கும் இடத்தை மெல்லிய கத்தியால் அறுத்து, இழுவிசையை விடுவித்து, துளி மெழுகால் மறுபடி ஒட்டுங்கள். உருகிய உலோகம் உள்ளே பாய வழிவிடும் ஸ்ப்ரூ குச்சியைக் கனமான பகுதியில், டையில் இருக்கும்போதே பொருத்திவிடுங்கள். டையிலிருந்து கழற்றிய பின் அரைமணி நேரத்துக்குள் இன்வெஸ்ட்மென்ட் ஊற்றிவிட வேண்டும். இரவு வைத்தே தீர வேண்டுமென்றால் டையிலேயே விட்டு, காலையில் ஓரத்தை மீண்டும் ஒருமுறை உருக்கிச் சரிசெய்த பிறகே கழற்றுங்கள்.