மீன் மேசையில் நின்றவர்கள்

(ஒஸ்லோவில் தமிழ்ப் பெண்கள் ஒன்றுகூடலொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் இருக்கும் அக்காமாருக்கும் அண்ணைமாருக்கும் தனியாக ஒரு வணக்கம். இன்றைக்கு நான் பேச வந்தது உங்களைப் பற்றித்தான்.

எங்கள் மேடைகளில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. நோர்வேத் தமிழரின் உயர்வு என்று பேச்சைத் தொடங்கினால் பிள்ளைகளின் பட்டியலைத்தான் வாசிக்கிறோம். கம்சி குணரட்ணம் 2015இல் ஒஸ்லோவின் துணை நகரபிதா ஆனதையும், 2021இல் நாடாளுமன்றம் போனதையும் சொல்லிக் கைதட்டுகிறோம். தட்டத்தான் வேண்டும். 2011 யூலை 22 அன்று ஊத்தோயா தீவில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது ஏரியில் நீந்தித் தப்பிய பிள்ளை அவர். ஆனால் பெற்றோர் தலைமுறை என்று வந்ததும், "மீன் வெட்டிப் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எனக்கு அது பொறுக்கவில்லை. அந்த வரிக்குள் எத்தனையோ பேரின் முழு இளமையும் கிடக்கிறது.

வரலாறு கொஞ்சம் சொல்லவேண்டும். குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956இல் இந்த நாட்டுக்கு வந்தார். நோர்வேக்கு வந்த முதல் தமிழர் என்று அவரைத்தான் சொல்கிறோம். இங்கேயுள்ள மக்களிடம் பணம் சேர்த்து, யாழ்ப்பாணத்து மீனவருக்கென்று சீநோர் நிறுவனத்தைத் தொடங்கினார். குருநகரில் வலைத் தொழிற்சாலை, காரைநகரில் படகு கட்டும் தளம். எங்கள் கடற்கரைக்கு நோர்வேயின் மீன்பிடி அறிவு அப்படி வந்து சேர்ந்தது. அதே கடற்கரையின் பிள்ளைகள் பிறகு நோர்வேயின் மீனை வெட்ட வந்து நின்றார்கள்.

1975இல் நோர்வே வேலைக்காக வருவோருக்குக் கதவைச் சாத்தியது. திறந்திருந்த சின்னக் கதவு, மக்கள் உயர்நிலைப் பள்ளி. பரீட்சையும் புள்ளியும் இல்லாத, விடுதியில் தங்கி ஒரு வருடம் படிக்கும் பள்ளிகள் அவை. காணியை ஈடு வைத்து, தாலிக்கொடியை அடகு வைத்து, ஒரு பிள்ளையை அந்தப் பள்ளிக்கு அனுப்பிய குடும்பங்கள் எத்தனை! 1983க்குப் பிறகு படிப்பு என்ற பேச்சே குறைந்தது. உயிர் தப்பினால் போதும் என்று அகதிகளாக வரத் தொடங்கினோம்.

ஏன் பின்மார்க்? வாட்சோ, வார்டோ, போட்ஸ்ஃபியோர்ட் என்று நாட்டின் வடகோடியில் ஏன் போய்க் குடியிருந்தோம்? அங்கே மீன் இருந்தது, வெட்டக் கை இல்லை. ஊர் இளையவர்கள், முக்கியமாகப் பெண்பிள்ளைகள், படிக்கவென்று தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள். மொழி தெரியாதவருக்கும் மறுநாளே வேலை கொடுத்தது மீன் பக்டரிதான். ஏறக்குறைய 2,000 பேர் வாழும் போட்ஸ்ஃபியோர்ட் போன்ற ஊரில் பக்டரி ஓடாவிட்டால் கடையும் ஓடாது, பள்ளிக்கூடமும் ஓடாது. எங்களுக்கு அவர்கள் வேலை தந்தார்கள் என்பது பாதிக் கதை. அந்த ஊர்களை நிமிர்த்தி வைத்திருந்ததில் எங்கள் கைகளுக்கும் பங்கு உண்டு.

பிள்ளைகளே, அந்த வேலை என்னவென்று பார்த்திருக்கிறீர்களா? பால்வெள்ளைக் கண்ணாடி போட்ட மேசை, அதற்குக் கீழே விளக்கு. தோல் உரித்த கொட் மீன் துண்டை அதன்மேல் போட்டால் ஒளி ஊடுருவும். சதைக்குள் சுருண்டு கிடக்கும் புழு, கபில நிறத்தில் ஒரு நூல்முடிச்சுப் போலத் தெரியும். கத்தி நுனியால் அதைக் கெல்லி எடுக்கவேண்டும். சதை சிதறக்கூடாது. பிறகு முள்வரிசையைச் சீவி, இரத்தக்கறையை வெட்டி, துண்டை அளவாக்கி விட்டால் அடுத்தது வந்துவிடும். எத்தனை கிலோ, எவ்வளவு சுத்தம், எவ்வளவு வீண் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. அந்தக் கணக்கில்தான் அக்கோர்ட் காசு, அதாவது வெட்டிய அளவுக்கேற்ற கூலி. றப்பர் கையுறைக்குள் பஞ்சுக் கையுறை போட்டும் விரல் விறைக்கும். ஒரு வருடம் நின்றால் மணிக்கட்டு வீங்கும், சில வருடம் போனால் தோள்மூட்டு பிடிக்கும். இங்கே முன்வரிசையில் கை உயர்த்தித் தலைவாரக் கஷ்டப்படும் அக்காமார் இருக்கிறார்கள்.

அதோடு இருட்டு. நவம்பர் கடைசியில் போன சூரியன் சனவரி பாதி கழிந்தும் வராது. கோடையில் மே நடுவிலிருந்து யூலை கடைசிவரை அது மறையாது. பிள்ளையை நித்திரையாக்க யன்னலுக்குக் கறுப்புப் பொலித்தீன் ஒட்டினோம். வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்தவர்களுக்கு அந்த நிசப்தமே பயமாக இருந்தது.

ஆனாலும் அழுதபடியே இருந்தோம் என்று நினைக்காதீர்கள். அங்கே நாங்கள் வாழ்ந்தோம். கொட் மீன் தலையை அந்த ஊரில் காயப்போட்டு நைஜீரியாவுக்கு ஏற்றுமதி செய்வார்கள். எங்கள் பகுதி மேற்பார்வையாளர் நாங்கள் தலை கேட்கிறோம் என்றதும் ஆச்சரியப்பட்டார், பிறகு வெள்ளிக்கிழமைகளில் தானாகவே ஒரு பெட்டியை ஒதுக்கி வைத்தார். யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த ஒடியல் மா கிடைத்துவிட்டால் அன்றைக்குக் கூழ். பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் இல்லை, கரட்டும் கீரையும் போட்டோம். சனமெல்லாம் ஒரே வீட்டில். எனக்குப் பிள்ளை பிறந்தபோது அம்மா இல்லை, மாமி இல்லை. பக்கத்து வீட்டு அக்கா இரவு வேலை முடித்து வந்து, பார்சலில் வந்த சரக்குத்தூளில் அதே கொட் மீனைப் போட்டு எனக்குக் கறி வைத்துத் தந்தாள். சுறா இல்லையே என்று அவள்தான் கவலைப்பட்டாள். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

நோர்வேஜிய மொழியையும் அந்த மேசையில்தான் படித்தோம். எதிரில் நின்ற அந்த ஊர்ப் பெண்கள் தங்கள் வடக்குப் பேச்சையே எங்களுக்கும் பழக்கினார்கள். பிறகு ஒஸ்லோ வந்து அலுவலகங்களில் வாய் திறந்தபோது, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பின்மார்க்காரி என்றுதான் சொல்லுவார்கள் என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை இன்றும் பெருமையாக வைத்திருக்கிறேன்.

பிள்ளைகள் வளர்ந்தபோது தெற்கே வந்தோம். படிப்பு, சொந்தக்காரர், கோயில், தமிழ்ப் பள்ளி. மீன் மேசையை விட்டவர்கள் துப்புரவு வேலைக்கும் பராமரிப்பு இல்லங்களுக்கும் பேருந்து ஓட்டவும் போனார்கள். சனி ஞாயிறில் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடத்தில் கரும்பலகை முன் நின்றதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

இனி நான் முக்கியமாகச் சொல்லவந்தது. இவர்கள் இப்போது ஓய்வு பெறுகிறார்கள். இந்த நாட்டில் உத்தரவாத ஓய்வூதியம், அதாவது குறைந்த சம்பளம் எடுத்தவருக்கு அரசு உறுதிசெய்யும் அடிப்படை ஓய்வூதியம், முழுதாகக் கிடைக்க, பொதுவிதிப்படி 40 வருடக் காப்புறுதிக் காலம் வேண்டும்; பெரும்பாலும் இங்கே வாழ்ந்த வருடங்கள்தான் அந்தக் கணக்கு. 35 வயதில் வந்த ஒருவருக்கு 67 வயதில் ஏறக்குறைய 32 வருடம்தான் கணக்கில் நிற்கும். நல்ல சம்பளம் எடுத்தவருக்கு இது பெரிதாகத் தெரியாது, அக்கோர்ட்டில் கையை வருத்தியவருக்குத் தெரியும். உழைத்த காசில் தங்கச்சியின் சீதனம், தம்பியின் ஏஜென்சிக் காசு, அம்மாவின் மருந்துச் செலவு என்று போனது எவ்வளவு என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மேலதிகக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாமா என்றே பலருக்குத் தெரியாது. கேட்க வெட்கம் வேறு. படிவம் நிரப்பத் தெரிந்த பிள்ளைகள் இந்த மண்டபத்தில் நிறைய இருக்கிறீர்கள். பெற்றோருக்கு மட்டும் நிரப்பிவிட்டு நிற்காதீர்கள், தனியாக இருக்கும் அண்ணைமாருக்கும் நிரப்பிக் கொடுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. கையிலுள்ள தொலைபேசியைப் பதிவில் போட்டுவிட்டு அம்மாவிடம் கேளுங்கள். முதல் சம்பளத்தில் யாருக்கு என்ன அனுப்பினாய்? மேசையில் உனக்கு எதிரே யார் நின்றது? வீட்டில் ஒருவர் இறந்த செய்தி வந்தபோது, போகமுடியாமல் அன்றைக்கு என்ன செய்தாய்? பதில் உடனே வராது, விடாமல் கேளுங்கள். அவர்கள் பேசுகிற யாழ்ப்பாணத் தமிழையும் நடுவில் விழும் நோர்வேஜியனையும் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். பழைய சம்பளத் துண்டு, பக்டரி அடையாள அட்டை, அந்தக் காலத்துப் படங்கள் இருந்தால் எறியவேண்டாம். கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்பேன், வைத்திருப்பவர்கள் பெயரைத் தாருங்கள்.

நன்றி. வணக்கம்.