பணம் யார் பேருக்குப் போகிறது?

வணக்கம் நேயர்களே. கிரிப்டோ என்கிற இணையக் காசுகளில் ஒன்றான பிட்காயினின் விலை அடுத்த மாதம் எங்கே போகும் என்று கேட்க ஆசைப்பட்டு வானொலியைத் திருப்பியவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அந்தப் பேச்சே இன்றைக்குக் கிடையாது. 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் 69,000 அமெரிக்க டாலர் அளவுக்கு ஏறியது. ஒரு வருடம் கழித்து அதே நவம்பரில் 16,000 பக்கம் வந்து உட்கார்ந்தது. இதை முன்னாலேயே அறிந்தவர் நம் ஊரில் இருந்திருந்தால், அவர் இன்னமும் என்னோடு சந்தையில் கங்கோங் கீரைக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்க மாட்டார்.

நான் பேச வந்தது அதற்கு முன்னால் நடக்கிற ஒரு சின்னக் காரியத்தைப் பற்றி. உங்கள் சம்பளம் வந்து விழுகிற அதே பேங்க் கணக்கிலிருந்து, கிரிப்டோ வாங்குவதற்காக வெள்ளி, அதாவது நம் ரிங்கிட், வெளியே கிளம்புகிறதே, அந்த இடத்தைப் பற்றி. மற்றதெல்லாம் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் சொல்லட்டும். நம் மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட்டில் பேங்க் கவுண்டரில் உட்கார்ந்து தலை நரைத்தவள் நான். ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பணம் போகும் வழி எனக்கு மனப்பாடம்.

ஹீவுட், டோவன்பி, எல்பில் என்று சுற்றுவட்டார ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சம்பளம் போட்ட மறுநாள் ஜனம் வந்துவிடும். பால் வாசம் போகாத கையோடு சிலர், குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு சிலர். பணம் அனுப்ப வேண்டும் என்றால் ஒரு பாரம் நிரப்ப வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு நான்தான் எழுதிக் கொடுப்பேன். பெறுபவர் பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு ஒன்று கேட்பேன்: "இவர் உங்களுக்கு என்ன வேணும்?" மகன், மருமகன், கொழுந்தனார் என்று பதில் வந்தால் எழுதுவேன். பதில் வரக் கொஞ்சம் தாமதமானால் மறுபடியும் கேட்பேன். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அதிகாரி கண்ணாடிக்குள்ளிருந்து பார்ப்பார். பார்க்கட்டும்.

ஒரு பெரியம்மா கதையைச் சொல்லியே ஆக வேண்டும். குலுக்கலில் கார் விழுந்திருக்கிறது, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும் என்று போனில் செய்தி வந்த காலம் அது. உங்களுக்கும் வந்திருக்கும். அந்த அம்மா மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை எடுத்து, முன்பின் தெரியாத ஓர் ஆள் பேருக்கு அனுப்ப வந்தார். நான் வழக்கம்போலக் கேட்டேன், இவர் உங்களுக்கு என்ன வேணும் பெரியம்மா என்று. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் காசு, நான் யாருக்கு அனுப்பினா உனக்கென்ன தங்கச்சி?" என்று பாரத்தைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த கவுண்டருக்குப் போய் நின்றார். அங்கே புதிதாய் வேலைக்குச் சேர்ந்த மலாய்க்காரத் தம்பி. அவன் பாரத்தைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். "மக்சிக், இனி சியாப்பா?" என்றான். அதே கேள்விதான், மலாயில். பெரியம்மா இரண்டு பேரையும் முறைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். காசு தப்பியது. ஆனால் இன்று வரைக்கும் கோயிலில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவருக்கு விழுந்த காரை நான்தான் கெடுத்தேனாம்!

இந்தக் கதையை எங்கே போனாலும் சொல்லுவேன், என் பிள்ளைகளுக்கே அலுத்துவிட்டது. ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது அந்தக் கேள்வியைக் கேட்க எதிரே ஆள் இல்லை. பேங்குக்கு பேங்க் உடனே பணம் அனுப்புகிற டுயிட்நவ் 2018 கடைசியில் வந்தது. கைபேசியில் எண்ணைத் தட்டினால், கண் இமைப்பதற்குள் பணம் அடுத்த ஆள் கணக்கில். நல்ல வசதிதான், நானே மீன்காரருக்கு அதில்தான் காசு கொடுக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? கணக்கு எண்ணைப் போட்டவுடன், பணம் போவதற்கு முன்னால், அந்தக் கணக்கு யாருடையது என்று திரையில் ஒரு பெயர் வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் உறுதிசெய்ய வேண்டும். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? கீழே இருக்கிற பொத்தானைத்தான் கட்டைவிரல் தேடுகிறது. மேலே இருக்கிற பெயரை யாரும் படிப்பதில்லை. பழைய கவுண்டரில் நான் கேட்ட கேள்விக்கு மிச்சமிருக்கிற இடம் அந்த ஒரு வரிதான்.

சரி, கிரிப்டோவுக்கு வருகிறேன். எங்கள் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற தம்பி ஒருவர். கெட்டிக்காரர். நம் நாட்டில் அனுமதியில்லாத ஓர் இணையத்தளத்தில், யுஎஸ்டிடி என்ற டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ காயினை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். அங்கே கம்பெனி விற்பதில்லை, ஆளுக்கு ஆள் வியாபாரம். வாங்குகிறவர் நேராக உங்கள் பேங்க் கணக்கில் வெள்ளியைப் போடுவார், நீங்கள் காயினை விடுவீர்கள். ஒருநாள் அப்படித்தான் பணம் வந்தது. தளத்தில் வாங்குகிறவர் ஓர் ஆண். பேங்கில் பணம் போட்ட பெயர் ஒரு பெண். தம்பி அதைப் பார்த்தார். மனைவியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு காயினை விட்டுவிட்டார்.

அந்தப் பெண்மணி ஜொகூரில் இருக்கிறவர். இணையத்தில் கைபேசி மலிவாகக் கிடைக்கிறது என்று பணம் கட்டினவர். அவருக்கு நம் தம்பியைத் தெரியாது, தம்பிக்கும் அவரைத் தெரியாது. நடுவில் ஒருவன் அந்த அம்மாவிடம் தம்பியின் கணக்கு எண்ணைக் கொடுத்துப் பணம் போட வைத்து, தம்பியிடம் காயினை வாங்கிக்கொண்டு போய்விட்டான். மூன்று பேர், அதில் ஒருவனுக்கு மட்டும் லாபம். கைபேசி வராததால் அந்த அம்மா போலீசில் புகார் கொடுத்தார். புகாரில் யார் பெயர் இருக்கும்? பணம் போன கணக்கின் பெயர்தானே இருக்கும்? தம்பியின் கணக்கு முடங்கியது. அதில்தான் அவர் சம்பளமும் இருந்தது. மோட்டாருக்குத் தவணை கட்ட முடியவில்லை, ஜொகூர் வரைக்கும் போய் வாக்குமூலம் கொடுக்க வேண்டியிருந்தது. "ஆன்ட்டி, நான் ஒரு காசு திருடல" என்றார். உண்மைதான். ஆனால் பேங்குக்குத் தெரிந்தது அந்த ஒரு பெயர்தான்.

விற்கிறவருக்கு இப்படி என்றால், வாங்குகிறவருக்கு இன்னும் எளிதாய் வலை விரிப்பார்கள். டெலிகிராமில் ஒரு குரூப், அதில் ஒரு குருநாதர், தினமும் லாபப் படங்கள். பணம் கட்டக் கேட்கும்போது கணக்கு யார் பேரில் இருக்கும் தெரியுமா? ஏதோ ஒரு எண்டர்பிரைஸ் பேரில், இல்லையென்றால் ஒரு தனி ஆள் பேரில். அடுத்த தடவை கட்டும்போது வேறு ஆள் பேர். அதோடு ஒரு யோசனையும் சொல்லித் தருவார்கள்: "குறிப்பில் கிரிப்டோ என்று போடாதீர்கள், பாயார் ஹூத்தாங் என்று போடுங்கள்." கடன் கட்டுகிறேன் என்று அர்த்தம். நீங்கள் யாரிடம் கடன் வாங்கினீர்கள், திருப்பிக் கட்டுவதற்கு? பேங்க் கேட்கக் கூடாது என்பதற்காகச் சொல்லித் தருகிற பொய் அது. அந்த வார்த்தை வந்த உடனே கைபேசியைக் கீழே வைத்துவிடுங்கள்.

அந்தத் தனி ஆள் யார்? சில சமயம் நம் பிள்ளைகளேதான். சில நூறு வெள்ளிக்கு ஏ.டி.எம். கார்டையும் பின் எண்ணையும் வாடகைக்கு விட்டவர்கள். கழுதைக் கணக்கு என்று போலீஸ் சொல்கிறது. 2024இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, இப்படிக் கணக்கைக் கொடுப்பதையே குற்றமாக்கியிருக்கிறார்கள். தாய்மார்களே, உங்கள் மகனின் கார்டு அவன் பர்ஸில்தான் இருக்கிறதா என்று இன்று ராத்திரி ஒரு தடவை பாருங்கள். அனுப்பப் போகிற கணக்கு எண் மேல் ஏற்கெனவே புகார் உண்டா என்று பார்க்க, போலீசின் செமாக் மியூல் இணையத்தளம் இருக்கிறது. எண்ணைப் போட்டுத் தேடலாம். ஆனால் அங்கே பேர் இல்லை என்பதற்காக ஆள் யோக்கியன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நேற்று திறந்த கணக்கு மேல் இன்னும் யாரும் புகார் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் தோட்டத்து ஆட்களுக்கு இது வேண்டாம் என்று சொல்கிறாயா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். நம் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தபோதும் இப்படித்தான் சொன்னார்களாம், பால்மரம் வெட்டுகிறவனுக்குத் தோட்டம் எதற்கு என்று. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த நேரம். ஒரு பங்கு 100 வெள்ளி, மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். என் அப்பாவும் கட்டினார். கட்டியதற்கு ரசீது இருந்தது, அதில் சங்கத்தின் பெயர் இருந்தது, சங்கம் பதிவுபெற்றிருந்தது, வருடாந்திரக் கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குக் கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத ஜனம் அன்றைக்கு அவ்வளவு கேட்டு வாங்கியது. பள்ளி இறுதி எஸ்.பி.எம். வரைக்கும் படித்த பேரப்பிள்ளைகள் அதில் பாதியாவது கேட்க வேண்டாமா?

பதிவுபெற்ற இடம் இங்கேயும் உண்டு. மலேசியாவில் கிரிப்டோ சட்டப்படி பணம் அல்ல, கடையில் அதைக் கொடுத்தால் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆனால் அதை வாங்கி விற்கிற தளங்களை 2019 ஜனவரியிலிருந்து, பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான செக்யூரிட்டீஸ் கமிஷன் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. அந்த வருடம் முதலில் நிபந்தனையோடு ஒப்புதல் பெற்றவை லூனோ, சினெஜி, டோக்கனைஸ். பிறகு வேறு சிலவும் சேர்ந்தன. பட்டியல் மாறும், அதனால் என் வாயிலிருந்து கேட்காமல் கமிஷனின் இணையத்தளத்தில் நீங்களே பாருங்கள். பெரிய பெயர் என்பதற்காகவும் மயங்க வேண்டாம். உலகத்திலேயே பெரிய தளமான பைனான்ஸை 2021 ஜூலையில் இதே கமிஷன் பகிரங்கமாகக் கண்டித்தது, இங்கே பதிவு இல்லாமல் நடத்தியதற்காக.

பதிவுபெற்ற தளத்தில் மைகாட் அடையாள அட்டையின் படம் கேட்பார்கள், முகத்தையும் படம் எடுக்கச் சொல்வார்கள். பணம் கட்டினால் அது வாடிக்கையாளர் பணத்துக்கென்று தனியாக வைத்திருக்கிற அறக்கட்டளைக் கணக்குக்குப் போகும். அனுப்புகிற பேங்க் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும். இதில்தான் நம் வீடுகளில் சண்டை. வீட்டுக்காரர் பேரில் கிரிப்டோ கணக்கு, காசு வீட்டுக்காரம்மா கணக்கில். அங்கிருந்து அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "என் பொண்டாட்டி காசை நான் போடக் கூடாதா?" என்று ஒருவர் என்னிடமே சத்தம் போட்டார். போடலாம் அண்ணே, முதலில் உங்கள் கணக்குக்கு மாற்றிவிட்டுப் போடுங்கள். ஜொகூர் பெண்மணி கதையைக் கேட்ட பிறகும் அந்த விதி ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெயரும் பெயரும் பொருந்த வேண்டும். திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், அதற்காகத்தான் வந்தேன்.

முழு பிட்காயின் வாங்க வேண்டுமா என்று பயப்படவும் வேண்டாம். ஒரு பிட்காயினைப் பத்துக் கோடித் துண்டாக்கலாம், சில வெள்ளிக்கும் வாங்கலாம். முதல் தடவை சின்னத் தொகையைக் கட்டி, வாங்கி, திரும்ப விற்று, வெள்ளி உங்கள் பேங்குக்கு வந்து சேருகிறதா என்று பார்த்துவிடுங்கள். உள்ளே போகிற வழி எல்லா இடத்திலும் அகலம். வெளியே வருகிற வழியைத்தான் பார்க்க வேண்டும். லாபத்தை எடுக்க முதலில் வரி கட்டு, கட்டணம் கட்டு என்று யாராவது கேட்டால், போட்டது போனதாக எடுத்துக்கொண்டு உடனே 997க்கு அழையுங்கள். மோசடிகளுக்கென்றே 2022இல் தொடங்கிய தேசிய மையம் அது. விடியட்டும், மகன் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பணம் ஒரு கணக்கில் நிற்கிற நேரம் ரொம்பக் கொஞ்சம், அடுத்தடுத்த கணக்குக்குத் தாவிவிடும்.

வாங்கின காயினை எங்கே வைப்பது என்று சொல்லத்தான் கடைசிப் பகுதியை ஒதுக்கியிருந்தேன், தயாரிப்பாளர் தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார். சுருக்கமாக இரண்டு விஷயம். தளத்தில் விட்டுவைத்தால் தளம் விழுந்தால் அதுவும் விழும், 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய வெளிநாட்டுத் தளம் திவாலானபோது பலருக்கு அதுதான் நடந்தது. சொந்த வாலட்டுக்கு, அதாவது காயினை நீங்களே வைத்துக்கொள்கிற மின்பைக்கு, மாற்றினால் அதைத் திறக்கிற சாவியாக 12 அல்லது 24 சொற்கள் தருவார்கள், அவற்றைக் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும், கைபேசியில் படம் எடுத்து வைக்கக் கூடாது. எங்கே வைத்தீர்கள் என்று வீட்டில் ஒருவருக்காவது… சரி சரி, செய்தி நேரம் வந்துவிட்டதாம். நன்றி, வணக்கம்.